பெயரைச் சொன்னால் விடுமுறை

எனக்கு வகுப்பில் சத்தம் ஆகாது, சாமி. பிரிக்பீல்ட்ஸில் நம் மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், வாலண்டைன் வாத்தியார் வகுப்பில் ஈ பறந்தாலும் கேட்கும் என்பார்கள்.

பள்ளிக்குள் திருநீறு கூடாது, அவர்கள் தெய்வத்தின் பேச்சும் கூடாது. அந்த விதியைப் போட்டவன் நானில்லை. காலையில் வாசலில் ஈரத்துணியோடு நின்று நெற்றிகளைத் துடைத்தவன் நான். அழுத்தித்தான் துடைப்பேன். ஞானஸ்நானம் பெறுமுன் என் பெயர் வேலாயுதம். மற்ற வாத்தியார்கள் அதை மறக்கவே இல்லை. "பாதிக் கிணறு தாண்டினவரு" என்று என் காதுபடச் சிரிப்பார்கள். பற்றிக்கொண்டு வரும்.

சென்ற மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, ரயில்வே பட்டறைக் கூலி தம்புசாமியின் மகள் இராஜம்மா தலையில் வேப்பிலை செருகிக்கொண்டு வந்தாள்.

"சார், வீட்டுக்கு அம்மா வந்திருக்கு. தம்பிக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் நான் வரலைங்க."

வேப்பிலையைப் பிடுங்கி வெளியே எறிந்தேன்.

"அந்தப் பேச்செல்லாம் இங்க வேணாம். நோயோட பேரைச் சொல்லு, லீவு தர்றேன்."

"பேரு சொல்லக் கூடாதுங்க சார். அவ கோவிச்சுக்குவா."

"அப்ப தினமும் வா. வரலைன்னா பேரை வெட்டிருவேன்."

படிப்பென்றால் அவளுக்கு உயிர். வந்தாள். ஒவ்வொரு காலையும் கேட்டேன். ஒவ்வொரு காலையும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நான் கோபப்படவில்லை, சாமி, பொறுமையாகத்தான் கேட்டேன். பன்னிரண்டாம் நாள் சிலேட்டின்மேல் கவிழ்ந்துவிட்டாள். தொட்டால் உடம்பு கொதித்தது. பிறகு அதே பெஞ்சிலிருந்த ரமணியும் மகதலேனாவும் படுத்தார்கள். மூன்று பேரையும் புதைத்தாயிற்று. மகதலேனாவுக்கு நீங்களே செபம் சொன்னீர்கள்.

தம்புசாமி பள்ளிக்கு வந்தார். சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எம்புள்ள சொன்னது ஒங்களுக்குப் புரியலைங்களா, சார்?"

"புரியல" என்றேன். விசாரிக்க வந்த சுகாதார அதிகாரியிடமும் அதையே சொன்னேன். வெள்ளைக்காரர், நம்பிவிட்டார்.

புரிந்தது, சாமி. முதல் நாளே புரிந்தது. பத்து வயதில், என்னைப் பெற்றவளுக்கு முத்து போட்டபோது, நானும் பக்கத்து வீட்டில் போய் "அம்மா வந்திருக்கு" என்றுதான் சொன்னேன். இராஜம்மா அந்தப் பெயரை மட்டும் சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஒரு சொல்தானே. இவ்வளவு நேரம் உங்களிடம் பேசினேன், அதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.