சந்திரம்மாள் போட்ட பட்டியல்

ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணி. வேங்கிக்கால் ஊரைத் தாண்டிப் போகும் சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை... பேய் இருட்டில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைக் கேளுங்கள்.

என் தோழி மணிமொழியின் அண்ணன் இனியனுக்கு நடந்தது. 2002-ஆம் வருஷம். அந்தச் சாலையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பொறுப்பு அவருக்கு. மூன்று கட்டடங்கள், அறுபது கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்கில் இணைக்க வேண்டும். அதற்கு முன்னால் எந்த மெஷினுக்கு என்ன பெயர், யார் எந்தப் பெயரில் உள்ளே நுழைவது என்று தாளில் முடிவு செய்தாக வேண்டும். தப்பாக வைத்துவிட்டால் பிறகு மாற்றுவதற்குள் உயிர் போய்விடும்.

அந்தத் திட்டத்தைப் போட்டவள் லேப் உதவியாளர் சந்திரம்மாள். மூன்று மாதம் அறை அறையாக நடந்தாள். ஆள் மாறினாலும், அறை மாறினாலும் குழம்பாத பெயர்கள். எழுதிய நோட்டை இனியனிடம் கொடுக்கும்போது ஒன்றுதான் கேட்டாள்.

"மொதல் பக்கத்துல எம்பேரு இருக்கட்டும் சார்."

"இருக்கும்மா" என்றார் இனியன்.

டைப் அடித்து மேலிடத்தில் கொடுத்தபோது அதில் இருந்தது அவர் பெயர் மட்டும். கல்லூரி முதல்வர் எல்லார் முன்னாலும் அவரைப் பாராட்டினார். கடைசி வரிசையில் சந்திரம்மாள் நின்றிருந்தாள். அடுத்த மாதம் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். சாவுக்கு இனியன் போகவில்லை. அவள் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

அதற்குப் பிறகுதான், முதலில் சொன்ன அந்த ஞாயிறு, கல்லூரியில் தனியாக உட்கார்ந்து சர்வரில் பட்டியலை ஏற்றினார். சரிபார்க்க, ஒரு மெஷினின் எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்டார். திரையில் வந்தது... சந்திரம்மாள்.

அப்படி ஒரு பெயரை அவர் ஏற்றவே இல்லை. அடுத்த எண். சந்திரம்மாள். அதற்கடுத்தது... சந்திரம்மாள். பட்டியலைத் திறந்து தேடினார். அதில் அந்தப் பெயர் இல்லை. எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினார். அறுபது எண்ணுக்கும் அதே பெயர்.

பூட்டிய ஏசி அறையில் மரிக்கொழுந்து வாசனை. அவள் தினமும் தலையில் வைத்து வருவாளே, அது. நாற்காலிக்குப் பின்னால் ஒரு மூச்சு... ரொம்ப நேரம் காத்திருப்பவர்கள் விடுகிற மூச்சு.

இனியன் திரும்பவில்லை. பயத்தைவிட வெட்கம்தான் ஜாஸ்தி என்று மணிமொழியிடம் சொன்னாராம். திட்டத்தின் முதல் பக்கத்தைத் திறந்தார். தன் பெயரை எடுத்தார். அந்த இடத்தில் அவள் பெயரை டைப் அடித்தார். பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது. மறுபடி எண்ணைக் கேட்டார்... சரியான பெயர் வந்தது. வாசனை இல்லை.

தாளோடு நேராக அடி அண்ணாமலை கிராமத்துக்குப் போனார். சந்திரம்மாளின் அம்மா எல்லம்மாள் அங்கே தனியாக இருந்தாள். வாசலிலேயே நின்றார். தலை நிமிரவில்லை.

"ஒங்க பொண்ணு செஞ்ச வேலைய எம்பேர்ல போட்டுக்கினேன்மா. நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"தெரியும் தம்பி, உள்ள வாங்க" என்றாள் எல்லம்மாள். "இப்பதான் சொல்லிச்சு. நீங்க வருவீங்க, டீ போட்டு வைன்னு."

தரையில் மூன்று டம்ளர். ஆவி பறந்தது. ஒன்றை அவரிடம் நீட்டினாள். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். மூன்றாவதை யாரும் தொடவில்லை.

அதில் டீ கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.