இருபத்தொன்பது புள்ளி ஆறு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாக்குமூலம் எழுத நீங்கள் கொடுத்த இந்தக் காகிதத்தில் கோடு இல்லை. ஆனாலும் வரி சாயாது, பாருங்கள் சார்.

பெயர் மணிகண்டபிரபு. வயது இருபத்தைந்து. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். மண்ணூரில் ஒரு ரூமில் நாலு பேராகத் தங்கியிருக்கிறோம். ஒரகடத்தில் இரும்பை உருக்கி கார் பாகங்கள் வார்க்கும் கம்பெனி ஒன்றில், சேஃப்டி பிரிவில் ட்ரெய்னி. உலைக்குப் பக்கத்தில் நின்று, மீட்டரைப் பார்த்து, அரை மணிக்கொரு தடவை லாக் புத்தகத்தில் எழுதுவதுதான் என் வேலை. வெயில், காற்று, ஈரம் எல்லாவற்றையும் சேர்த்து, மனித உடம்பு தாங்குமா என்று ஒரே எண்ணாகச் சொல்கிற மீட்டர் அது. சாதாரண டிகிரி இல்லை. இதில் முப்பது வந்தாலே ஆளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

அரை மணிக்கொரு தடவை யாரும் போவதில்லை. ஷிஃப்ட் தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவோம். நான் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான். மற்றவர்கள் எல்லாக் கட்டத்திலும் 28 என்றே போட்டுவைப்பார்கள், பார்த்தாலே தெரிந்துவிடும். நான் 28.3, 28.7, மதியம் 29.4, சாயங்காலம் இறங்கி 28.9 என்று ஏற்ற இறக்கமாகப் போடுவேன். ஆடிட்டுக்கு வந்தவர் என் புத்தகத்தைத்தான் மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டினார்.

போன வருஷம் உலைப் பக்கம் மாரிமுத்து சுருண்டு விழுந்தபோது, அந்த நேரத்துக்கு என் புத்தகத்தில் 28.7 இருந்தது. விசாரிக்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று எழுதி முடித்தார்கள். உடம்பை ஊருக்கு அனுப்ப வண்டி பேசியது நான்தான். நல்லவிதமாகப் போய்ச் சேர்ந்தது.

டென்னிஸுக்கு வருகிறேன்.

தண்டலம் பக்கம் ஒரு காலேஜில் பெண்களுக்கான சர்வதேசப் போட்டி நடந்தது. ஸ்பான்சர் எங்கள் கம்பெனி என்பதால், பேனரோடு சேர்த்து மீட்டரையும் என்னையும் அனுப்பினார்கள். ஐஸ் பெட்டிக்கு என் ரூம்மேட் இசக்கி. ஒற்றையர் ஆட்டத்தில் விதி எளிதுதான். மீட்டர் முப்பதைத் தாண்டினால், மூன்றாவது செட்டுக்கு முன்னால் யார் கேட்டாலும் பத்து நிமிஷம் ஓய்வு. முப்பத்திரண்டைத் தாண்டினால் ஆட்டமே நிற்க வேண்டும். காலை ஒன்பதுக்கே உட்கார்ந்து மாலை ஐந்து வரைக்கும் எழுதி முடித்துவிட்டேன். ஒன்றரை மணிக் கட்டத்தில் 29.6.

ரஞ்சனி சேரப்பணஞ்சேரிப் பெண். அப்பா கோதண்டம் அந்தக் காலேஜில் கோர்ட்டைப் பெருக்கி வலை கட்டுகிறவர். அவர் பொறுக்கி எடுத்த பழைய பந்துகளில் ஆடப் பழகியவள். அதற்கு முன் இரண்டு போட்டிகளில் ஒவ்வொரு தரவரிசைப் புள்ளி வாங்கியிருந்தாள். மூன்றாவதாக இங்கேயும் ஒன்று வாங்கினால் உலகத் தரவரிசையில் பெயர் ஏறும். அதற்கு இந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்தால் போதும்.

எதிரில் எஸ்டோனியாக்காரப் பெண். முதல் செட் ரஞ்சனிக்கு, இரண்டாவது அவளுக்கு. இசக்கி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தான்.

"ஏல, வெயிலு மண்டையப் பொளக்கு. ஒம் மெசினு மட்டும் ஊட்டியிலயா இருக்கு?"

மணி ஒன்றரை. மீட்டரைப் பார்த்தேன். 32.8. புத்தகத்தைப் பார்த்தேன். 29.6.

ரஞ்சனி வேலி ஓரம் வந்தாள். "அண்ணா, எவ்ளோ காட்டுது? தல கிர்ருனு கீது. பத்து நிமிசம் கெடைக்குமா?"

"இன்னும் முப்பது தாண்டலம்மா."

"இன்னாண்ணா, உன் மிசினுக்கு வேர்க்கவே வேர்க்காதா?" என்று சிரித்தாள்.

தலைமை நடுவர் சுகப்பிரியா மேடம் வந்து புத்தகத்தைத்தான் கேட்டார். மீட்டரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். அதன் முகம் என் தொடைப் பக்கம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். "ரைட்டிங் சூப்பர்ப்பா" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது செட்டைத் தொடங்கச் சொன்னார்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். ரஞ்சனிக்காகத்தான். எதிரில் நின்றவள் குளிர்தேசத்துக்காரி, முகமெல்லாம் தக்காளியாகச் சிவந்துபோயிருந்தாள். பத்து நிமிஷம் ஏசியில் உட்கார்ந்தால் தேறிவிடுவாள். நம் பெண் இந்த வெயிலிலேயே பிறந்தவள். நேற்று இப்படித்தான் சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்த யோசனை எனக்கு வந்தது மறுநாள், ஆஸ்பத்திரி கேன்டீனில்.

அந்த நேரத்தில் தோன்றியது வேறு. 29.6-ஐ அடிக்க வேண்டும். அடித்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் காரணம் எழுத வேண்டும். அதை அடித்தால் அதற்கு மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் அடிக்க வேண்டும். ஐந்து மணி வரைக்கும் எழுதியிருக்கிறேனே. இன்னும் வராத மூன்றரை மணியின் சூடு உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஜூலையில் என்னை பெர்மனன்ட் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று வருஷத்தில் என் புத்தகத்தில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை சார்.

ரஞ்சனி 5–3 என்று முன்னால் போனாள். சர்வ் அவளுடையது. கம்பெனியில் திங்கட்கிழமைதோறும் வெப்பநோய் பற்றி வகுப்பு எடுப்பது நான்தான். வியர்வை நின்றுபோனால், ஆள் தடுமாறினால், வேலையை நிறுத்து, ஐஸ் வை. அவள் கையும் கழுத்தும் காய்ந்திருந்தன. பந்தை மேலே போட்டாள், அடிக்காமல் விட்டாள். மறுபடி போட்டாள், மறுபடி விட்டாள். அடுத்த பாயிண்ட்டுக்குத் தப்பான பக்கம் போய் நின்றாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கோதண்டம் வேலியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு பாயிண்ட்டுதாம்மா, உடாத, போடு" என்று கத்தினார்.

நான் கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கினால் ஏன் என்பார்கள், எண்ணைச் சொல்ல வேண்டும். விழுந்தால் குறை அவள் உடம்பில். விழுவதற்கு முன்னால் நிறுத்தினால் குறை என் எண்ணில். அதனால் இசக்கியிடமிருந்து ஐஸ் பெட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

விழுந்தாள். ஆட்டமும் அந்தத் தரவரிசைப் புள்ளியும் எஸ்டோனியாக்காரிக்குப் போயின. நாலாம் நாள் காலையில் ரஞ்சனி இறந்துபோனாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் கோதண்டம் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மொத ஆளா ஓடியாந்து எங்கொழந்தயத் தூக்கினது நீதாம்பா. பெத்தவன் நானு, நின்ன எடத்துலயே நின்னுகினு இருந்தேன்."

"அதுக்கென்னங்க, என் கடமைதானே" என்றேன்.

நேற்று வீடியோவைப் போட்டு ஓர் இடத்தில் நிறுத்திக் காட்டினீர்கள். அவள் விழுவதற்கு ஒரு நிமிஷம் நாற்பது நொடி முன்பே ஐஸ் பெட்டியோடு எழுந்து நிற்கிறவன் யார் என்று கேட்டீர்கள். நான்தான் சார். விழுவாள் என்று தெரிந்துதான் நின்றேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடாதீர்கள், கொஞ்சம் மேலே ஓட்டிப் பாருங்கள். விழுந்த பிறகு நான் ஓடுகிற வேகத்தைப் பாருங்கள். அவளைக் காப்பாற்ற அந்த மைதானத்தில் வேறு யார் அவ்வளவு வேகமாக ஓடினார்கள்?