எங்கே என்று கேட்காத கட்டளை

வீட்டில் யாராவது "இதை எடுத்து வை" என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். எங்கே வைப்பது என்று சொல்ல வாய் வலிக்குமா? இதற்காகவே என் மனைவி என்னை "வாத்தியார்" என்று கிண்டல் செய்வாள். நான் வாத்தியார் இல்லை, ஐயா. மருத்துவமனைகளுக்கு டேட்டாபேஸ் மென்பொருள் எழுதுகிறவன்.

தகவல் அட்டவணைகளை ஒரு சேமிப்புக் கிடங்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த ஒரு கட்டளை வேண்டியிருந்தது. எதை, எங்கிருந்து, எங்கே என்று மூன்றையும் எழுதினால்தான் அது வேலை செய்ய வேண்டும் என்றேன். பக்கத்து நாற்காலிக்காரன் 'எதை' மட்டும் போதும் என்றான்.

"அவர் சொல்றதுதான் சுருக்கமா இருக்கு. நீங்க எதையும் ஜவ்வா இழுப்பீங்க" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கட்டளையை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இடம் சொல்லாவிட்டால் அட்டவணை எங்கே போக வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. நான் கேட்கவும் இல்லை. தற்காலிகக் கிடங்குக்குப் போகும்படி எழுதினேன். கணினியை நிறுத்தி மறுபடி ஓட்டினால் அந்தக் கிடங்கு துடைத்து வைத்ததுபோல் காலியாகிவிடும்.

அதிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. போன் அடித்தாலே ஓடிப்போய் எடுப்பேன். ஒரு காலையில் மருத்துவமனைக் கணினி அறையிலிருந்து அக்கா கூப்பிட்டார். கூடப் பிறந்தவர் இல்லை. அங்கே டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவர், எல்லோருக்கும் அக்கா.

"தம்பி, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுங்கற அட்டவணைய நகர்த்தப் போறேன். எங்கேன்னு எழுதாமலே ஏத்துக்குதே? எதுக்கும் எழுதிடவா?"

எழுதிவிடுவாரோ என்று பயந்துபோனேன்.

"வேணாம்க்கா. அதுவே பாத்துக்கும்."

மதியம் கணினியை நிறுத்தி ஓட்டினார்கள். மருத்துவரின் திரையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒவ்வாமை ஏதும் இல்லை என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். பழைய பிரதியிலிருந்து மாலைக்குள் எல்லாவற்றையும் மீட்டுவிட்டார்கள். அதற்குள் ஒரு பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளாத ஊசியைப் போட்டிருந்தார்கள். கண்ணாடி கையைக் கிழித்து வந்தவள். "இங்கேயே உக்காரு, வந்துடறேன்" என்று மகளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனவள் உயிரோடு வெளியே வரவில்லையாம்.

அக்காவுக்கு வேலை போயிற்று. இன்னும் என்னைக் கூப்பிட்டு அழுகிறார். "உங்க தப்பு இல்லக்கா" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அதில் துளியும் பொய் கிடையாது.

இப்போது அந்தக் கட்டளை மூன்றையும் கேட்கிறது. "நீங்க அன்னைக்கே சொன்னீங்க" என்று மேலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இதனால் எத்தனை உயிர் பிழைக்கும் என்று நினைத்தால் மனம் லேசாகிறது.

ஆனாலும் பயம் விடவில்லை. பக்கத்து நாற்காலிக்காரன் மறுபடி ஆரம்பித்திருக்கிறான். 'எங்கிருந்து' என்பதை எடுத்துவிடலாமாம். மேலாளரும் தலையாட்டுகிறார். அதனால்தான் நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களைத் தேடி வந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் கேட்பார், ஐயா. இல்லாவிட்டால் நான் மறுபடியும் நிரூபிக்க வேண்டியிருக்கும்.