குளியலறையின் இரும்புக் கதவு

என் பெயர் இளங்கோவன், வயது 43, தகப்பனார் பெயர் ரங்கநாதன். ஜோகுபாளையத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். வீடுகளில் துளை போட்டு கர்ட்டன் ராடு, அலமாரி மாட்டும் வேலை செய்கிறேன். என் மனைவி சங்கமித்ராவின் மரணம் குறித்துப் போலீசாரால் கேட்கப்பட்டதில் நான் சொல்வதாவது:

கடந்த ஞாயிறு காலை என் மனைவி குளியலறைக்குள் சென்று உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அங்கே கேஸ் கீசர் உள்ளது. ஜன்னல் மூடியிருந்தது. வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது, கூப்பிட்டும் பதில் இல்லை. அதன் பிறகு வெளியில் இருந்த சிலிண்டரை மூடிவிட்டுக் கதவை இழுத்துப் பார்த்தேன். அது வெளிப்பக்கம் திறக்கும் இரும்புத் தகட்டுக் கதவு, உதைத்துப் பயனில்லை, கடப்பாரை நுழைய இடுக்கும் இல்லை. அதன் பிறகு என் டிரில் மெஷினை எடுத்தேன்.

மெஷினில் முந்தின நாள் அல்சூரில் சுவரைத் துளைக்க மாட்டிய முனை, அதாவது காங்கிரீட் பிட் இருந்தது. அது சுவரை இடித்துப் பொடியாக்கும், இரும்பை அறுக்காது, தகட்டின் மேல் வழுக்கும். எனவே அதைக் கழற்றி, இரும்புக்கான பிட்டைப் பையில் தேடி எடுத்து மாட்டினேன். அப்போது மாடியிலிருந்து ஓடிவந்த என் மைத்துனர் உத்தமன், "இன்னா மாமா, இப்போ போய் பிட்டு மாத்திக்கினு கீறே? உள்ள அக்கா இருக்குது, போடு மாமா!" என்று என் முதுகில் அடித்தார். "இது செவுத்துப் பிட்டுடா, இரும்புல ஏறாது" என்றேன். அதன் பிறகு ஆணியால் கதவில் குறி அடித்து, மெஷினின் வேகத்தைக் குறைத்து, தாழ்ப்பாளுக்கு அருகில் துளை போட்டேன். வேகமாக ஓட்டினால் பிட் சூடேறி முனை மழுங்கிவிடும். பக்கத்திலேயே இன்னும் இரண்டு துளை போட்டு ஒன்றாக்கி, கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளினேன். கதவு திறந்தது.

என் மனைவி வாளிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தார். அடுத்த வீட்டு முத்தம்மா ஒரு நைட்டியைக் கொண்டுவந்து போர்த்தினார். அதன் பிறகு ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். தலையில் ஷாம்பு நுரை இருந்தது, வழியில் என் சட்டையால் துடைத்தேன். கீசரிலிருந்து வந்த விஷவாயுவால் உயிர் ஏற்கெனவே போய்விட்டதாக டாக்டர் சொன்னார்.

நான் வேண்டுமென்றே தாமதம் செய்ததாக உத்தமன் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. சுவர் பிட்டால் முயன்றிருந்தால் கதவு திறந்தே இருக்காது. இதைப் பிணவறை வாசலிலேயே அவரிடம் சொன்னேன். அவர், "அது சரி மாமா. உன் கை ஏன் நடுங்கவே இல்ல?" என்று கேட்டார். நான் உடலைப் பெற்றுக்கொள்ளும் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை வாசிக்கக் கேட்டேன். நடந்தது இதுவே, இதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்)
இளங்கோவன்