முகேஷ் அண்ணனுக்கு ஏற்ற கூலிங்கிளாஸ்

என் பெயர் அசோக்குமார். வயது இருபத்து நாலு. செல்லூரில் தறி ஓடுகிற சந்தில் மாடி அறையில் தங்கியிருக்கிறேன். தறிச் சத்தம் பாதி வார்த்தையை முழுங்கிவிடும் என்பதால் மொட்டைமாடிக்கு வந்து போனில் பேசுகிறேன். பேசப் பேச அதுவே எழுதிக்கொள்கிறது. தங்கச்சி தமிழ்வாணி, இதை நீ அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். அப்பா சோற்றில் கை வைக்கவே மாட்டேன் என்கிறார் என்றாயே, அதற்காகத்தான் சொல்கிறேன்.

கூலிங்கிளாஸ் வாங்க வருகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வெளியே பார்ப்பதே இல்லை. நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்குள்ளேயே நின்று தங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். முகேஷ் அண்ணனும் அப்படித்தான் பார்த்தார். கூடவே நம் சின்னத்தாய் அத்தை மகள் முத்துமீனாவும் வந்திருந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு அவள் வாங்கித் தருகிற முதல் பொருளாம்.

"மாப்ள, காலைல ஓடுறப்ப மூக்குலருந்து வழுக்கக் கூடாது. திருமங்கலத்துலருந்து உசிலம்பட்டி ஷோரூமுக்குத் தெனமும் பைக்ல போகணும். வாலிபால் ஆடணும். கல்யாணத்துக்கும் போடணும்" என்றார் அண்ணன்.

"குளிக்கிறப்ப மட்டும் கழட்டுவீகளாக்கும்" என்றாள் முத்துமீனா. என்னைப் பார்த்து, "மச்சான், வில்லன் மாதிரி இல்லாமப் பாத்துக் குடுங்க" என்றாள்.

மச்சான் என்றாள். அவ்வளவு பேர் நிற்கிற கடையில், வாய் நிறைய. அன்றைக்குப் பூராவும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. முறைப்பையன் நான் இருக்கையில் சொந்தத்தை விட்டு அசலில் மாப்பிள்ளை பார்த்தது அத்தை செய்த தப்பு. அத்தை மேல் எனக்குக் கோபம் கிடையாது. அண்ணன் மேலும் கிடையாது. அவர் நல்ல மனிதர். அதனால்தான் நல்ல சரக்காக எடுத்துக் கொடுத்தேன்.

முகத்தோடு வளைந்த பிரேம். பக்கவாட்டில் தூசி நுழையாது. மூக்கிலும் காதோரத்திலும் ரப்பர் இருக்கும், வேர்க்க வேர்க்க இறுகிப் பிடிக்கும். கீழே விழுந்தாலும் லென்ஸ் சில்லாகாது. பின்கழுத்தில் கயிறும் மாட்டிவிட்டேன். இருக்கிறதிலேயே கறுப்பான லென்ஸாகப் பார்த்து எடுத்தேன். பனிமலையில் ஏறுகிறவர்களுக்கென்று செய்தது அது. வண்டி ஓட்டும்போது போடக் கூடாது என்று மூலையில் கார் படம் போட்டு அடித்த ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. முகத்துக்கு எடுப்பாக இல்லை என்று நகத்தால் உரித்துவிட்டேன். வெளிச்சம் குறைந்தால் மாற்றிப் போட வெள்ளை லென்ஸ் ஒரு ஜோடி பெட்டிக்குள் வரும். அதை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"சாயங்காலம் கழட்டிரணுமா மாப்ள?" என்று அவரேதான் கேட்டார்.

"கழட்டிராதீக அண்ணே. பொழுது சாயத்தான் கண்மாய்ப் பக்கம் பூச்சி அம்புட்டும் கண்ணுல விழும். கொஞ்சம் இருட்டாத் தெரியும், பழகிரும்."

அவர் என் தோளைத் தட்டினார். முத்துமீனா சிரித்தாள். கடை முதலாளி என்னிடம் நல்ல வாய் இருக்கிறது என்றார். அந்த வாரம் முழுக்க நான் சும்மா சும்மா சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா, அதன் பிறகுதான் நீங்கள் போன் செய்தீர்கள். "மழ வர்ற மாதிரி இருக்குடா, நாளைக்கு ரோட்டுல உளுந்தப் பரப்பிருவோம்" என்றீர்கள். தார் ரோட்டில் செடியைப் போட்டு, போகிற வண்டியெல்லாம் மிதித்துத் தரட்டும் என்று விடுவதும், செடியை மிதிக்காமல் வண்டி ஒதுங்கிவிடாதபடி ஒரு பக்கம் கல் அடுக்குவதும் நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். கறுப்பு ரோடு, கறுப்புக் கல், காய்ந்த செடி. கண் தெரிகிறவன் விலகிப் போவான்.

அம்மா, நான் உனக்குப் போன் போட்டு, கல்யாண மாப்பிள்ளைக்கு நம் வீட்டில் ஒரு நேரம் விருந்து வைக்க வேண்டாமா, நாளைக்குச் சாயங்காலம் கோழி அடி என்றேன். "ஆமாடா, எனக்குத் தோணாமப் போச்சே, ஒனக்குத்தான் எம்புட்டுப் பொறுப்பு" என்றாய். அப்புறம் அண்ணனைக் கூப்பிட்டேன். "வேலை முடிஞ்சதும் நேரா எங்க ஊருக்கு வந்துருங்க, அம்மா காத்திருக்கும், லேட் பண்ணிராதீக." வேகமாக வருவார் என்று தெரியும். கோழிக் குழம்பென்றால் அவருக்கு உயிர்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவும் எனக்குச் சந்தோஷம்தான். பைக் கல்லில் மோதித் தூக்கி எறிந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, இனி எழுந்து நடப்பது சிரமம் என்று டாக்டர் சொல்கிறார். கூலிங்கிளாஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நல்ல சரக்கு என்று சொன்னேனே.

போலீஸ்காரர் ரோட்டில் கல் வைத்தது யார் என்று கேட்டதும், "நாந்தாய்யா" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்களாம். இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள் அப்பா. கல்லை நீங்கள் வைத்தீர்கள். அதில் அவரைக் கொண்டுவந்து விட்டது நான். போலீஸ் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். இப்போது நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். முத்துமீனா அண்ணனுக்கு ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அத்தை அழுது அழுது, "வேற எடம் பாப்போம்டி" என்றது. "கட்டுனா இவரத்தான் கட்டுவேன். ஆஸ்பத்திரில வச்சுக் கட்டுனாலும் சரி" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "இருட்டுலயும் கழட்டாதீகன்னு ஏன் சொன்ன?" என்று கேட்டாள். என்னை நீ வா போ என்று அவள் பேசுவது இதுதான் முதல் தடவை. புருசன் பொண்டாட்டி அப்படித்தானே பேசிக்கொள்வார்கள். வருகிற வழியெல்லாம் எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது.

அவளுக்கு இரக்க மனசு. கொஞ்ச நாளில் தெளிந்துவிடும். குறித்த முகூர்த்தம் தவறக் கூடாது என்றால் முறைப்பையன்தான் தாலி கட்ட வேண்டும், இது ஊருக்கே தெரியும்.

தமிழ்வாணி, வாசித்து முடித்ததும் உசிலம்பட்டி அச்சாபீசுக்குப் போய்விட்டு வா. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மட்டும் மாற்றி அடித்தால் போதும் என்று சொல்.