கரி படிந்த வேட்டி

– யோவ், கத்துது! கரண்டு போயிட்ச்சு!

– கம்ப்யூட்டர் யூபிஎஸ்தான், செங்கொடி. கத்தட்டும். பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும்.

– அதுக்குள்ள காணாமப்போன படமெல்லாம் திரும்ப வந்துடுமா?

– பேசாம இருந்தா வரும். நைட்டு ஷிப்டு பாத்த கண்ணு, எரியுது.

– எரியாம இன்னா பண்ணும்? உன் கம்பெனி சிம்னி எண்ணூர்ல எவன் கண்ணத்தான் விட்டு வெச்சுது? அவனுக்குப் போய் ஒழைக்கிற. இன்னும் கான்ட்ராக்டுலதான் வெச்சுகினு கீறான்.

– ஆரம்பிச்சிட்டியா?

– நாளிக்கு பொகை விசாரணையில கலெக்டர் முன்னால நிக்கப்போறது நானு. வெறுங்கையோட போனா கம்பெனி வக்கீலு சிரிப்பான். தெனமும் மொட்டைமாடிக் கொடியில வெள்ள வேட்டி காயப்போட்டு, சாயங்காலம் கரி படிஞ்சதும் பக்கத்து வூட்டு மலிகா கேமராவுல படம் புடிச்சேன்யா. ஒரு வருஷம்!

– என் கல்யாண வேட்டி அது.

– இப்போ அதக் கட்டிகினு நின்னா, நம்ம பொண்ணு மாயாவே பேயின்னு ஓடிடுவா.

– அவ எங்க?

– உள்ள படுத்துகினு கீறா. நேத்து பகலெல்லாம் இரைப்பு. பக்கத்துலயே படுத்துகினு தூங்கினியே, கேக்கல?

– தூங்கல. கேட்டுகினுதான் இருந்தேன்.

– விண்டோஸ் வேணாம், லினக்ஸ் போட்டா வைரஸ் வராது, ஒண்ணும் ஆவாதுன்னு பீத்திகினியே. இப்போ வெறும் கறுப்புத் திரைதான் கீது.

– இது வைரஸ் இல்ல. டிஸ்குக்குள்ள படமெல்லாம் அப்டியே கீது. எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்ற எல்லைதான் அழிஞ்சிட்ச்சு. எல்லைக்கல்லப் புடுங்கிட்டா மனை எது, ரோடு எதுன்னு தெரியாதில்ல, அந்த மாதிரி. சிடியில ஓடற லினக்ஸ வெச்சு கல்லத் திரும்ப நடறேன். ஒரு நம்பர் தப்பினாலும் தொறக்காது.

– இன்னாசி கம்ப்யூட்டர் கடையில கேட்டேன். அவனுக்குத் தொழிலு கத்துக்குடுத்த பீம்ராவ் அண்ணனே ஒக்காந்தாலும் ஆவாது, எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுக்கோன்னான்.

– அவன் கெடக்கறான்.

– யோவ், வேகமா கத்துதுயா!

– கேக்குது. ஆரம்ப நம்பரு... அடிச்சாச்சு. கடைசி நம்பரு... இந்தா. ஏத்திட்டேன். தொறக்கறேன், பாரு.

– வந்துட்ச்சு! யோவ், வேட்டி! மொத நாளு படம்கூட கீதுயா!

– அழுவாத. பென் டிரைவ்ல ஏத்தறேன். உடனே மலிகாகிட்ட குடுத்துடு. வூட்டுல வெக்காத.

– ஏன், வூட்டுக்கு இன்னா?

– சொன்னா கேளேன். உயிரு போவுது, கொஞ்சம் படுக்கறேன்.

– இரு. அந்த ரெண்டு நம்பரையும் எதையும் பாக்காமலே அடிச்சியே. உனக்கு எப்டி தெரியும்?

– பெர்மனென்டு பண்றேன், அந்தப் படத்தையெல்லாம் அழிச்சிட்டு வான்னு மேனேஜர் சொன்னான்... அழிக்கறதுக்கு முன்னால மனப்பாடம் பண்ணிகினேன், செங்கொடி.