நாற்பத்து மூணாம் வருஷத்துச் செம்புக் காசு

— கோட்டப் போட்டுக்கோங்கப்பா. பதினொரு மணிக்கு சர்ச்சுல ஜெபம் ஆரம்பிச்சுடும்.

— நான் வரலடா டேல். நீ போயிட்டு வா.

— செத்துப்போனது ஆர்வில் அங்கிள்! உங்க உயிர்ச் சிநேகிதர்!

— நாணயக் கிளப்பு ஆளுங்க அத்தனை பேரும் வந்திருப்பாங்க. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றது?

— பத்தொன்பது வருஷம் ஆச்சுப்பா. யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?

— ஏன் இருக்காது? நாற்பத்து மூணுல சண்டை. செம்பெல்லாம் தோட்டாவுக்குப் போச்சு, ஒரு சென்ட் காச இரும்புல அடிச்சாங்க. தப்பித் தவறி செம்புல விழுந்த காசு எங்கிட்ட ஒண்ணு இருக்குன்னு ஊர் பூரா பீத்திக்கிட்டவன் நான். கிளப்பு மேசையில வெச்சு காந்தத்தக் காட்டினா, டபக்குனு ஒட்டிக்கிச்சு! இரும்புக்குச் செம்பு முலாம் பூசிட்டு வந்திருக்கான் புளுகுணின்னு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஆர்வில் ஒருத்தன்தான் எந்திரிச்சு, ‘எம்மெட் அப்படிப்பட்டவன் இல்ல’ன்னான்.

— அப்பா... அத மாத்தி வெச்சது நான்தான்.

— ம்.

— நிஜக் காச பிட்ஸ்பர்க்ல ஒரு வியாபாரிகிட்ட வித்துட்டு, முலாம் பூசினத டப்பாவுல வெச்சேன். அந்தப் பணத்துலதான் பிக்கப் வண்டி வாங்கினேன். அன்னிக்கு உங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததும் அதே வண்டியிலதான். நீங்க குனிஞ்ச தலை நிமிரல. நான் பாட்டுக்கு ரேடியோவத் திருகிக்கிட்டே வந்தேன். நெனச்சா இப்பவும் உடம்பு கூசுதுப்பா.

— ம்.

— வெறும் ‘ம்’தானா? திட்டுங்கப்பா, காறித் துப்புங்க! வாங்க, சர்ச்சுல எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன்.

— வாய மூடு! ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடக்கூடாது.

— ஏன்?

— எனக்கு அன்னிக்கே தெரியும். கிளப்புல எல்லார் முன்னாடியும் டப்பாவுலேருந்து எடுத்ததும் கை சொல்லிடுச்சு. பதினாறு வருஷம் நாணய ஆலையில காசடிச்சவன் நான். இரும்புக் காசு லேசா இருக்கும்னு எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுமா அவ்வளவு கேவலத்தையும் தாங்கிக்கிட்டீங்க? திருடு போச்சுன்னு சொல்லியிருக்கலாமே! எனக்காகவாப்பா?

— உனக்காகன்னு சொல்லிக்க ஆசையாத்தான் இருக்கு. இல்லடா. திருடு போச்சுன்னா போலீஸ் வருவான். இது உங்கிட்ட எப்படி வந்துச்சுன்னுதான் முதல்ல கேப்பான்.

— ரொட்டிக் கடையில மீதிச் சில்லறையோட வந்துச்சுன்னுதானே சொல்லுவீங்க?

— ரொட்டிக் கடையாவது வெங்காயமாவது! முந்தின வருஷத்து அச்சடிக்காத செம்பு வில்லை ஒண்ணு தொட்டி இடுக்குல சிக்கிக் கெடந்திருக்கு. என் மெஷின்ல அடிபட்டு, என் கண்ணு முன்னாடிதான் விழுந்துச்சு. மேஸ்திரிகிட்ட குடுக்கணும். ஷூவுக்குள்ள போட்டுக்கிட்டேன்.

— நீங்களா? வாசல்ல ஷூவைக் கழட்டச் சொல்லிச் சோதிப்பாங்களேப்பா!

— சோதிப்பாங்க. அன்னிக்கு வாசக்காவல் ஆர்வில். ‘உன்னப் போய் என்னத்தடா சோதிக்கறது, போ’ன்னு அனுப்பிட்டான்.